அலங்கார வாசலும் ஒன்பதாம் மணிநேரமும்

புதிய ஏற்பாட்டில் 'ஹோராயோஸ்' என்கிற கிரேக்கச் சொல் நான்கே நான்கு இடங்களில்தான் வருகிறது. அழகான, அழகுள்ள என்று பொருள். இயேசு பரிசேயரைப் பார்த்து வெள்ளையடிக்கப்பட்ட கல்லறைகள் என்று சொல்கிற மத்தேயு 23:27இல் ஒரு முறை. பேதுருவும் யோவானும் சப்பாணியை எழுப்பி நடக்கவைக்கிற அப்போஸ்தலர் 3ஆம் அதிகாரத்தில், அவன் உட்கார்ந்திருந்த தேவாலய வாசலின் பெயராக இரண்டு முறை. சுவிசேஷம் அறிவிக்கிறவர்களுடைய பாதங்களைப் பற்றிப் பவுல் சொல்கிற ரோமர் 10:15இல் ஒரு முறை. நம் வீடுகளில் இருக்கிற பழைய வேதாகமம் 1871இல் வந்த பவர் ஐயர் குழுவின் திருப்புதல். அதில் முதல் மூன்று இடங்களிலும் 'அலங்காரம்' என்றும் கடைசி இடத்தில் மட்டும் 'அழகு' என்றும் போட்டிருக்கிறார்கள்.

எங்கள் சபை மார்த்தாண்டத்துக்குக் கிழக்கே, ரப்பர் தோட்டங்களுக்கு நடுவில் இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் தமிழ் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றபிறகு ஓய்வுநாள் பாடசாலையில் பெரிய பிள்ளைகளின் வகுப்பை எடுத்துவருகிறேன். சப்பாணி குணமான பாடம் நடத்தும்போது ஒரு பிள்ளை கேட்டாள்: "டீச்சரே, அந்த வாசல்ல அப்பிடி என்ன அலங்காரம் பண்ணியிருந்தாவ?"

நல்ல கேள்வி. அலங்காரம் என்றதும் நமக்குத் தோரணமும் குருத்தோலையும் சீரியல் லைட்டும்தான் கண்ணில் வருகிறது. பதில் சொல்லத் தகவல் இருந்தது. யோசேப்பஸ் என்ற யூத வரலாற்றாசிரியர், ஆலயத்தின் ஒன்பது வாசல்கள் பொன்னும் வெள்ளியும் போர்த்தியவை, ஒன்று மட்டும் கொரிந்து வெண்கலத்தால் ஆனது, மதிப்பில் அது மற்றவற்றை மிஞ்சியது என்று எழுதியிருக்கிறார். நிக்கானோர் வாசல் என்று யூதர் சொன்ன அந்த வெண்கல வாசல்தான் அலங்கார வாசலாக இருக்கவேண்டும் என்பது ஆய்வாளர்கள் பலருடைய கருத்து. பிள்ளைக்கு அது போதுமாக இருந்தது. எனக்குத்தான் போதவில்லை. எங்கள் ஊரில் தங்கியிருக்கிற, வயதான ஒரு போதகர் எனக்குக் கிரேக்க எழுத்து கற்றுத்தந்திருந்தார். அவரிடம் போய் அந்த வசனத்தை மூலத்தில் காட்டித்தரக் கேட்டேன்.

"ஹோரா தெரியுமா டீச்சர்? அதுல இருந்து வந்ததாக்கும் இது" என்றார்.

ஹோரா என்றால் முதலில் பருவகாலம். கோடை, மாரி, பூக்காலம், அறுப்புக்காலம். கிரேக்கர்கள் பருவங்களையே தேவதைகளாக வைத்து அவர்களை ஹோராய் என்று அழைத்தார்கள். பிறகு அந்தச் சொல் நாளின் ஒரு பகுதிக்கு வந்து, கடைசியில் ஒரு மணிநேரம் என்ற அளவுக்குச் சுருங்கியது. ஆங்கிலத்தில் மணிக்குச் சொல்லும் 'ஹவர்' இதே சொல், லத்தீன் வழியாகப் போய்ச் சேர்ந்தது. ஆண்டுக்குச் சொல்லும் 'இயர்' இதன் தூரத்துச் சொந்தம். ஹோராயோஸ் என்றால் ஹோராவுக்கு உரியது, அதாவது தன் பருவத்தில் இருப்பது. பருவத்தில் விளைந்த பழத்தைச் சொன்னார்கள். கல்யாண வயது வந்தவர்களைச் சொன்னார்கள். அங்கிருந்து நகர்ந்து பொதுவாகவே அழகுக்குப் பெயராகிவிட்டது. இன்றைக்கும் கிரேக்க நாட்டில் அழகாக இருக்கிறது என்பதற்கு அன்றாடம் சொல்லும் சொல் இதுதான், 'ஓரேயோஸ்' என்ற உச்சரிப்பில். இதற்கு எதிர்ச்சொல் 'ஆவோரோஸ்', காலத்துக்கு முந்தியது. சின்ன வயதில் இறந்துபோனவர்களின் கல்லறைக் கல்லில் பழங்காலக் கிரேக்கர்கள் அந்தச் சொல்லைப் பொறித்தார்கள். அழகின் எதிர்ப்பக்கத்தில் அவலட்சணத்தை வைக்காமல் அகால மரணத்தை வைத்த மொழி அது. இதைக் கேட்டபிறகு எனக்கு அந்தச் சொல்லை விடமுடியவில்லை.

தமிழ்நாட்டில் இந்த ஹோராவைத் தெரியாத வீடு குறைவு. தினசரிக் காலண்டர் தாளைக் கிழித்துப் பின்பக்கம் பாருங்கள்: சூரிய ஓரை, சுக்கிர ஓரை, குரு ஓரை. கிரேக்க சோதிடம் இந்தியாவுக்கு வந்தபோது கூடவே வந்து சமஸ்கிருதத்தில் ஹோராவாகவே தங்கியது. நாளுக்கு 24 ஓரை. சூரியன், சுக்கிரன், புதன், சந்திரன், சனி, குரு, செவ்வாய் என்று வரிசையாகச் சுற்றிவரும். ஞாயிற்றுக்கிழமை முதல் ஓரை சூரியனுடையது என்றால், 24 ஓரை முடிந்து 25ஆவது சந்திரனிடம் வரும். அதனால் மறுநாள் திங்கள். விரல்விட்டு எண்ணிப்பாருங்கள், ஏழு கிழமைகளும் அந்த முறையில் சரியாக வரும். தொல்காப்பியக் களவியலில் "மறைந்த ஒழுக்கத்து ஓரையும் நாளும்" என்று ஓர் அடி இருக்கிறது. அந்த ஓரை கிரேக்கத்திலிருந்து வந்ததா, தமிழிலேயே பிறந்ததா என்று அறிஞர்களுக்குள் பெரிய வாதம் நடந்திருக்கிறது, நூலின் காலத்தையே அதை வைத்துக் கணிக்கப் பார்த்தவர்களும் உண்டு. என் வேலை அந்த வாதத்தைத் தீர்ப்பது இல்லை. நல்ல ஓரை பார்த்துக் கிளம்புகிறவரும், அலங்கார வாசலைப் பற்றிப் பிரசங்கிக்கிறவரும் ஒரே வேரைத்தான் தொடுகிறார்கள் என்பது எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது.

பருவத்தில் இருப்பதே அழகு என்றதும், பழுத்தால்தான் அழகு என்று சிலர் சுருக்கிவிடுகிறார்கள். அதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். எங்கள் பக்கம் வளர்ந்தவர்களுக்குச் சக்கை தெரியும், பலாவுக்கு நாங்கள் சொல்லும் பெயர். உள்ளே சுளை பிரியுமுன்னே பறித்தால் இடிச்சக்கை. அதை இடித்து, தேங்காய் சதைத்துப் போட்டுத் துவரன் வைப்போம். விளைந்து, ஆனால் பழுக்காமல் இருந்தால் அவியலுக்கும் வற்றலுக்கும் அதுதான் பாகம். பழுத்தபிறகு வருக்கையா கூழனா என்று பார்த்து ஒன்றைச் சுளையாகவும் மற்றதை வழித்தும் தின்போம். கொட்டையைக்கூட விடமாட்டோம். இடிச்சக்கையைப் பார்த்து, இது இன்னும் பழுக்கவில்லையே என்று எந்த வீட்டிலும் யாரும் வருத்தப்பட்டதில்லை. அதற்கு அது பருவம். விளைந்த சக்கைக்கு இது பருவம். ஒரே காயில் மூன்று ஹோரா இருக்கிறது.

அறுப்பின் பண்டிகைக்கு எங்கள் கோயிலுக்குள் இந்த எல்லா நிலையிலும் சக்கை வந்துவிடும். செந்துளுவன் குலை, ஏத்தன் குலை, மட்டி, தேங்காய், காய்ச்சில், சேனை, மரச்சீனி, முட்டையிடும் கோழி எல்லாம் படைத்துவிட்டு ஆராதனை முடிந்தபின் ஏலம் விடுவார்கள். லேவியராகமம் 23:40இல் கூடாரப் பண்டிகைக்கு "அலங்காரமான விருட்சங்களின் கனிகளை"க் கொண்டுவரச் சொல்லியிருக்கிறது. பழைய ஏற்பாட்டை அலெக்சாந்திரியா யூதர்கள் கிரேக்கத்தில் பெயர்த்தபோது அங்கே வைத்த சொல்லும் ஹோராயோஸ்தான். தமிழில் இங்கேயும் அலங்காரம் என்றே வந்திருக்கிறது பாருங்கள். ஒரு மரக்கனியை எப்படி அலங்காரம் என்பது என்று சின்ன வயதில் எனக்குப் புரிந்ததில்லை. பருவத்துக் கனி என்று சொல்லியிருந்தால் கோயில் வாசலில் இறக்கிவைத்த குலைகளைப் பார்த்தே விளங்கிக்கொண்டிருப்பேன்.

ஒரு எச்சரிக்கையும் சொல்லவேண்டும். வேர் தெரிந்துவிட்டது என்பதற்காக, சொல் வருகிற இடமெல்லாம் பருவத்தைப் பிரசங்கித்துவிட முடியாது. இயேசுவின் காலத்தில் ஹோராயோஸ் பெரும்பாலும் அழகு என்றே புழங்கியது. கல்லறை வசனத்தில் வேறொன்றும் தேடவேண்டியதில்லை. பஸ்காவுக்கு வருகிற யாத்திரிகர் தெரியாமல் மிதித்துத் தீட்டுப்பட்டுவிடக்கூடாது என்று அதற்கு முந்தின ஆதார் மாதத்திலேயே கல்லறைகளை அடையாளப்படுத்தி வெள்ளையடிப்பது யூதர் வழக்கம். எங்கள் மாவட்டத்தின் கத்தோலிக்க ஊர்களில் நவம்பர் 2 கல்லறைத் திருநாளுக்கு முன்னால் சுண்ணாம்பும் பெயிண்டும் அடித்துப் பூ வைத்த கல்லறைகளைப் பார்த்தவர்களுக்கு, வெளியே அந்த வெள்ளை எப்படிப் பளிச்சென்று இருக்கும் என்று விளக்கவேண்டாம். அந்த அன்புக்கும் இயேசு கடிந்துகொண்ட மாய்மாலத்துக்கும் சம்பந்தமில்லை. வசனத்தில் ஹோராயோஸ் என்பது பார்வைக்கு அழகு, அவ்வளவுதான்.

இன்னொன்று, வேதாகமத்தில் அழகுக்கு இது ஒன்றுதான் சொல் என்பதும் இல்லை. அதிகம் வருவது 'காலோஸ்'. நல்லது, அழகானது என்ற இரண்டையும் அது சேர்த்துப் பிடிக்கும். "நானே நல்ல மேய்ப்பன்" என்பதில் 'நல்ல' என்பது காலோஸ். குழந்தை மோசேயைத் திவ்விய சவுந்தரியமுள்ளவன் என்று ஸ்தேவான் சொல்லும் இடத்தில் 'அஸ்தேயோஸ்', அதாவது நகரத்துக்குரிய நயம் கொண்டது. பிளேட்டோ தன் குடியரசு நூலின் பத்தாம் புத்தகத்தில் ஹோராயோஸையும் காலோஸையும் பக்கத்தில் வைத்துப் பிரித்தே காட்டுகிறார். இளமையின் பொலிவு இருக்கிறது, ஆனால் உண்மையான அழகு இல்லை, அப்படிப்பட்ட முகங்கள் பொலிவு போனபிறகு எப்படி இருக்கும் என்று கேட்கிறார். அவருக்கு ஹோராயோஸ் என்பது சீக்கிரம் கடந்துபோகிற ஒன்று. பிரசங்கி 3:11, "அவர் சகலத்தையும் அதினதின் காலத்திலே நேர்த்தியாகச் செய்திருக்கிறார்" என்கிறது. ஹோராயோஸ் வந்தே தீரவேண்டிய இடம் என்று ஆசையாகத் தேடிப்போனால் கிரேக்கத்தில் அங்கே இருப்பது காலோஸ். கருத்து இருக்கும், சொல் இருக்காது. இதையெல்லாம் தெரிந்துகொண்டு படித்தால்தான், சொல் உண்மையிலேயே வேலை செய்கிற இடத்தில் அதன் அருமை தெரியும்.

அப்படி ஓர் இடம் அப்போஸ்தலர் 3. முதல் வசனம்: "ஜெபவேளையாகிய ஒன்பதாம் மணிநேரத்திலே" பேதுருவும் யோவானும் தேவாலயத்துக்குப் போகிறார்கள். இங்கே வேளைக்கு உரிய கிரேக்கச் சொல் ஹோரா. அடுத்த வசனத்தில், நாடோறும் சுமந்துவந்து வைக்கப்படுகிற அந்த மனிதன் இருக்கும் வாசலின் பெயர் ஹோராயா. காதால் கேட்டவர்களுக்கு இரண்டும் அடுத்தடுத்து ஒலித்திருக்கும். இந்த நூலை எழுதிய லூக்கா வேண்டுமென்றே இணைத்தாரா என்று என்னால் நிரூபிக்க முடியாது. ஆனால் அந்த ஆள் நாற்பது வயதுக்கு மேற்பட்டவன் என்று 4:22இல் மறக்காமல் எழுதிவைத்தவர் அவர்தான். இத்தனை வருஷமும் அந்த வெண்கலக் கதவு வெயிலில் மின்னிக்கொண்டுதான் இருந்திருக்கிறது. ஒவ்வொரு நாளும் ஒன்பதாம் மணிநேரமாகிய பிற்பகல் மூன்று மணிக்குப் பலி செலுத்தப்பட்டு ஜெபம் நடந்துகொண்டுதான் இருந்தது. அவனுக்கோ அந்த வாசல் பிச்சை எடுக்கும் இடம், அவ்வளவே. ஒரு நாள் ஒருவர் நின்று, "எங்களை நோக்கிப்பார்" என்று சொல்லி வலது கையைப் பிடித்துத் தூக்கினார். அன்றைக்குத்தான் அவன் குதித்து எழுந்து அந்த வாசல் வழியாக உள்ளே நடந்தான். வாசலுக்கு அன்றுதான் அதன் பெயர் பலித்தது என்று நான் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். மனதார நம்பித்தான் சொல்கிறேன்.

ரோமர் 10:15 இன்னும் ஆழமாகப் போகிறது. பவுல் மேற்கோள் காட்டுவது ஏசாயா 52:7. "மலைகளின்மேல்" வருகிற சுவிசேஷகனுடைய பாதங்கள். எபிரெயத்தில் அங்கே இருப்பது அழகாயிருக்கின்றன என்ற வினைச்சொல். பழைய கிரேக்க மொழிபெயர்ப்பில் அது வேறு மாதிரி வந்திருக்கிறது. முந்தின வசனத்தின் முடிவோடு சேர்த்து, நான் வந்திருக்கிறேன், மலைகள்மேல் ஹோரா வருவதுபோல, என்ற பொருளில் போகிறது. மலைமேல் பருவம் இறங்குவதுபோல தேவன் வருகிறார். பவுல் அந்த வாக்கைத் திருத்தி எபிரெயத்துக்குப் பக்கத்தில் கொண்டுவருகிறார், ஆனாலும் ஹோராவின் வாசனையை விடாமல் பாதங்களுக்கு ஹோராயோஸ் என்கிறார். நடந்துவந்த கால் வெடித்திருக்கும், புழுதியாக இருக்கும். அதை அழகு என்று சொல்ல வைப்பது அது வந்துசேர்ந்த நேரம்.

ஆரல்வாய்மொழி வழியாகப் போகும்போதெல்லாம் எனக்கு இந்த வசனம்தான். மலை இரண்டு பக்கமும் விலகிக் காற்றுக்கு வழிவிட்ட இடம் அது. அந்தக் கணவாய் வழியாகத்தான் 1806இல் மிஷனெரி ரிங்கல்தௌபே திருவிதாங்கூருக்குள் நுழைந்து மயிலாடிக்கு வந்தார். ஆனால் அவர் காலுக்கு முன்னால் நடந்த கால் ஒன்று உண்டு. மயிலாடிக்காரர் மகாராசன் தஞ்சாவூர்வரை போய், அங்கே விசுவாசத்துக்கு வந்து, வேதமாணிக்கமாகத் திரும்பி வந்தார். மிஷனெரி வருவதற்கு முன்பே இங்கே சுற்றத்தாருக்குச் சொல்லத் தொடங்கியது அவர்தான். எங்கள் மாவட்டத்துச் சபை வரலாற்றைச் சொல்லும்போது பாதங்கள் என்றால் ஜெர்மனியிலிருந்து வந்த பாதங்களை மட்டும் சொல்வது எனக்குப் பிடிப்பதில்லை. ஒடுக்கப்பட்டுக் கிடந்த மக்களுக்கு, தோளில் துணி போட உரிமை இல்லாத பெண்களுக்கு, அந்தச் செய்தி எந்த வேளையில் வந்தது என்று யோசித்துப் பார்த்தால் ஹோராயோஸ் என்ற சொல்லுக்கு வேறு விளக்கம் வேண்டாம்.

இத்தனைக்கும் மேலே இரண்டு வசனங்கள் இருக்கின்றன, நம் சிஎஸ்ஐ வேதாகமத்தில் கிடையாது. எங்கள் பக்கத்து வீட்டு அக்கா கத்தோலிக்கர். அவருடைய திருவிவிலியத்தை வாங்கிவந்து சீராக்கின் ஞானத்தைப் படித்தேன். எருசலேமில் பென் சீரா எபிரெயத்தில் எழுதியதை, கி.மு. 132இல் எகிப்துக்குப் போன அவருடைய பேரன் கிரேக்கத்தில் பெயர்த்தார். தாத்தாவின் நூலைப் பேரன் பெயர்த்தது என்பதே எனக்குப் பிடித்திருந்தது. அதன் 25ஆம் அதிகாரத்தில், நரைத்த தலைக்கு நியாயம் தீர்ப்பது எவ்வளவு ஹோராயோஸ், முதியவர்களின் ஞானம் எவ்வளவு ஹோராயோஸ் என்று அடுத்தடுத்து வருகிறது. ராகேலுக்கும் யோசேப்புக்கும் ஆதியாகமத்தில் சொன்ன அதே சொல், நரைக்கும்! பிளேட்டோ பொலிவு போன முகத்துக்கு இல்லை என்றதை இந்தப் பேரன் நரைமுடிக்குக் கொடுத்துவிட்டார். அக்காவிடம் இதை வாசித்துக் காட்டினேன். "எங்க அம்மாவுக்கு இதைச் சொல்லணும், மை வாங்கித் தா வாங்கித் தான்னு நிக்கா" என்று சிரித்தார். நானும் மை போடுகிறவர்களைக் குறை சொல்லவில்லை. ஆனால் பாம்படக் காதும் வெள்ளைத் தலையுமாகத் திண்ணையில் உட்கார்ந்து சொத்துச் சண்டையைத் தீர்த்துவைத்த என் அப்பாவின் அம்மையை யாராவது அழகி என்று சொல்லியிருந்தால், அதற்குரிய சரியான சொல் பென் சீராவின் பேரனிடம்தான் இருந்திருக்கிறது.

இரண்டாவது, 35ஆம் அதிகாரம் முடியும் இடத்தில். உபத்திரவ காலத்தில் தேவனுடைய இரக்கம் ஹோராயோஸ், மழையில்லாத காலத்தில் மழைமேகம்போல. எழுதினவர் இருந்த ஊரும் மழையை நம்பி இருந்த ஊர்தான். எங்கள் நெல்லுக்குப் பெயரே கன்னிப்பூ, கும்பப்பூ. அறுக்கும் மாதத்தை வைத்துப் பெயர். பேச்சிப்பாறைத் தண்ணீர் கடைவரம்புக்கு வந்துசேருமா என்று மடையில் நின்று பார்த்தவர்கள் எங்கள் குடும்பத்திலேயே இருக்கிறார்கள். கதிர் வாங்கும் நேரத்தில் வரும் மழைக்கும், அறுத்துப் போட்டபின் வரும் மழைக்கும் நிறம் ஒன்றுதான், தண்ணீர் ஒன்றுதான். ஒன்று இரக்கம், இன்னொன்று நஷ்டம். இந்த வசனத்தில்தான் வேரும் பொருளும் பிரிக்கமுடியாமல் ஒட்டியிருக்கின்றன. அழகானது என்று பெயர்த்தாலும் சரி, வேளைக்கு வந்தது என்று பெயர்த்தாலும் சரி, பாதி வெளியே நின்றுவிடும்.

தமிழில் இதற்கு ஒரே சொல் வேண்டும் என்று போதகர் ஐயாவோடு ரொம்ப நேரம் பேசிக்கொண்டிருந்தேன். 'பருவம்' கொஞ்சம் வரும், ஆனால் இளம்பெண் பக்கமாகச் சாய்ந்துவிடுகிறது. 'பதம்' என்பதும் நல்ல சொல், ஆனால் சமையலறையை விட்டு வெளியே வரத் தயங்குகிறது. அவர் 'வேளை' என்பதையே பிடித்துக்கொண்டார். "வேளைப்பட்டது" என்று சொல்லிப் பார்த்தார். கேட்க நன்றாக இருந்தது, ஆனால் வாசலுக்கு முன்னால் வைக்கத் தைரியம் வரவில்லை. திருவிவிலியத்தில் 'அழகுவாயில்' என்று போட்டிருக்கிறார்கள். தோரணமும் லைட்டும் அதில் இல்லை, அதனால் அலங்கார வாசலைவிட அது எனக்குப் பரவாயில்லை.

பெண்கள் ஐக்கிய சங்கத்தில் அடுத்து யோவான் சுவிசேஷத்தில் ஹோரா வரும் இடங்களை எடுத்திருக்கிறோம். கானா ஊர்க் கல்யாணத்தில் "என் வேளை இன்னும் வரவில்லை" என்பதில் தொடங்கி, 12:23 வழியாக 17:1இல் "பிதாவே, வேளை வந்தது" என்பது வரைக்கும். மூல மொழியில் ஒவ்வொரு இடத்தையும் சரிபார்த்துத் தருவதாகப் போதகர் ஐயா ஒத்துக்கொண்டிருக்கிறார். சீராக்கை நான் கொண்டுபோகிறேன், அக்காவும் வருகிறேன் என்றிருக்கிறார்.